காற்றலைக் கதைகள் – 12: முதலில் போனது பாட்டு

கடலில் கப்பலை நிறுத்திப் பாட்டு போட்ட திருட்டு வானொலிகளை 1967 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டு அடக்கியது. அடுத்த மாதக் கடைசியில் பிபிசி 'ரேடியோ 1' என்று ஒரு பாப் இசை அலைவரிசையைத் தொடங்கி, அதே கப்பல் ஆட்களில் பலரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. இதுவரை சென்ற இதழில் பார்த்தோம். ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும் ஜனம் சிலோன் ரேடியோ பக்கம் போனது, அவர்களைத் திருப்பிக் கூட்டிவர விவித பாரதி வந்தது என்பது நமக்குத் தெரிந்த கதை. ஏறக்குறைய அதே நாடகம்தான் அங்கேயும்.

ஆனால் ரேடியோ 1 லண்டனில் உட்கார்ந்துகொண்டு நாடு முழுமைக்கும் பேசியது. மான்செஸ்டர்காரருக்கும் கிளாஸ்கோகாரருக்கும் ஒரே குரல், ஒரே பாட்டு. 1967 நவம்பரில் லெஸ்டரில் ஆரம்பித்து ஊர் ஊராக வந்த பிபிசி உள்ளூர் நிலையங்கள் பெரும்பாலும் பேச்சுக்கானவை. தனக்கென்று ஒரு பாட்டு வானொலி பிரிட்டனின் எந்தப் பெருநகரத்துக்கும் 1973 வரை வாய்க்கவில்லை. அது வந்த கதையும் போன கதையும் இந்த இதழில்.

1972-இல் எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேடிவ் அரசு ஒலிபரப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விளம்பர வருமானத்தில் நடக்கும் உள்ளூர் வானொலிகளுக்கு அது வழி திறந்தது. சந்தைதான் தெய்வம் என்று சொல்லும் கட்சி அது. ஆனால் அது பெற்றெடுத்த தனியார் வானொலிக்குப் போட்டிருந்த கடிவாளம் போல வேறெங்கும் பார்க்க முடியாது. உரிமம் கொடுப்பது ஐபிஏ என்ற சுதந்திர ஒலிபரப்பு ஆணையம். ஒலிபரப்புக் கோபுரங்களும் அதற்கே சொந்தம். நிலையங்கள் வாடகை கொடுத்துப் பயன்படுத்த வேண்டும். எந்த நேரத்தில் என்ன நிகழ்ச்சி என்கிற பட்டியலை ஆணையத்திடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். உள்ளூர்ச் செய்தி வேண்டும், பேச்சு வேண்டும், சிறுபான்மை ரசனைக்கு இடம் வேண்டும். பாட்டை மட்டும் சுற்றவிட்டுக் கல்லாவில் உட்கார முடியாது.

1973 அக்டோபர் 8-இல் செய்திக்கென எல்பிசி, அக்டோபர் 16-இல் பாட்டுக்கென கேபிட்டல் ரேடியோ என்று இரண்டும் லண்டனில் ஒரு வார இடைவெளியில் தொடங்கின. கேபிட்டலின் தலைவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. பின்னாளில் 'காந்தி' படம் எடுத்தவரேதான். ஆண்டின் கடைசி நாளில் கிளாஸ்கோவில் ரேடியோ கிளைடு வந்தது. 1974-இல் பர்மிங்ஹாமில் பிஆர்எம்பி, மான்செஸ்டரில் பிக்கடிலி ரேடியோ, நியூகாசிலில் மெட்ரோ ரேடியோ, லிவர்பூலில் ரேடியோ சிட்டி என்று வரிசை கட்டி வந்தன. 1976-க்குள் மொத்தம் 19 நிலையங்கள். நடுவில் ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி, இதற்கு மேல் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டது.

இந்த நிலையங்களின் குணத்தை நிர்ணயித்த இரண்டு விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பின்னால் இருந்தது இசைக்கலைஞர் சங்கம். இசைத்தட்டு சுற்றினால் வாத்தியக்காரன் வயிறு காயும் என்பது அவர்களுடைய பழைய கவலை. இசைத்தட்டுக் கம்பெனிகளும் அவர்கள் பக்கம் நின்றன. அதனால் ஒரு நிலையம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு போடக் கூடாது என்று ஒப்பந்தமானது. இது முதல் விதி. விளம்பர வருமானத்தில் மூன்று சதவீதத்தை உயிரோடு நின்று வாசிக்கும் கலைஞர்களுக்குச் செலவழிக்க வேண்டும் என்பது இரண்டாவது.

முதலாளிகளுக்கு இரண்டும் எரிச்சல். ஆனால் அந்த எரிச்சலில் விளைந்ததைப் பாருங்கள். ஒன்பது மணி நேரம் போக மீதி நேரத்தை நிரப்பியாக வேண்டும். மூன்று சதவீதப் பணத்தைக் கணக்குக் காட்டியாக வேண்டும். எனவே ஊரில் இருக்கும் பாண்டு கோஷ்டியைக் கூப்பிட்டு ஸ்டுடியோவில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஊர் அரங்கில் நடக்கும் கச்சேரிக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேபிட்டல் ரேடியோ ரென் ஆர்கெஸ்ட்ரா என்ற செவ்வியல் இசைக்குழுவுக்கே ஆதரவு கொடுத்தது. ஒரு பாப் வானொலி வயலின்காரர்களுக்குப் படியளந்தது என்று இன்றைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இதில் எல்லாமே கேட்கும்படி இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். கணக்குக் காட்டுவதற்காகவே ஒப்பேற்றிய நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனாலும் ஒரு நகரத்தின் வானொலிக்கும் அந்த நகரத்தில் வாசிக்கிறவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதைச் செய்தது ஊர்ப்பற்று அல்ல, ஒப்பந்த ஷரத்து.

இன்னொன்று, அன்றைக்குப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் அறிவிப்பாளருக்குப் பெரிய பங்கு இருந்தது. 1975-இல் 'போஹீமியன் ராப்சடி' பாட்டு ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு நீளமான பாட்டை எவன் போடுவான் என்று கம்பெனிக்காரர்களே தயங்கினார்கள். வெளிவரும் முன்பே ஒரு பிரதி கேபிட்டலின் கென்னி எவரெட் கைக்கு வந்தது. ஒரு வார இறுதிக்குள் அதை அவர் 14 தடவை போட்டுவிட்டார். அடுத்து லண்டன் கடைகளில் இன்னும் வராத இசைத்தட்டைக் கேட்டு ஜனம் நச்சரிக்க ஆரம்பித்தது. மான்செஸ்டரில் பிக்கடிலியின் ஸ்டூ ஆலன் எண்பதுகளில் ஹிப்ஹாப்பையும் ஹவுஸ் இசையையும் வாரா வாரம் போட்டு, அந்த நகரத்துப் பையன்கள் ஒரு தலைமுறைக்கே காது பழக்கினார்.

லண்டனில் இந்தக் காலத்தையும் இதன் முடிவையும் ஒரே ஆளின் வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் டேவிட் ராடிகனைச் சொல்வேன். பிரிட்டிஷ் படைவீரர் ஒருவரின் மகன், படித்தது நடிப்பு, பைத்தியம் ஜமைக்காவின் ரெகே இசை மேல். 1978-இல் பிபிசியின் ரேடியோ லண்டனில் ரெகே போடத் தொடங்கி, அடுத்த ஆண்டே கேபிட்டலுக்கு வந்தார். சனிக்கிழமை இரவு அவர் நிகழ்ச்சி. பிரிக்ஸ்டனிலும் ஹார்ல்ஸ்டனிலும் இருந்த கரீபியக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வானொலியில் தங்கள் பாட்டு வரும் நேரம் அது. 1983-இல் ஜமைக்காவுக்கே போய் அங்குள்ள வானொலியில் பாரி ஜி என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளரோடு இசைத்தட்டுப் போட்டியில் மோதினார். குரலை மட்டும் கேட்டிருந்த ஜனங்களில் பலருக்கு அவர் வெள்ளைக்காரர் என்பதே தெரியாது. இப்படி ஒரு மனிதருக்கு ஒரு வணிக வானொலி பதினோரு வருடம் சனிக்கிழமை இரவைக் கொடுத்தது என்றால், ஆணையம் கேட்ட சிறுபான்மை ரசனை என்ற ஷரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இனி இறங்குமுகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நிலையங்களின் எண்ணிக்கை ஏறியது, விளம்பரம் அதே வேகத்தில் ஏறவில்லை. 1983-இல் லெஸ்டரின் சென்டர் ரேடியோ திவாலானது. இந்த வகை நிலையங்களில் கடையைச் சாத்திய முதல் நிலையம் அதுதான். கோபுர வாடகை, சங்க ஒப்பந்தம், ஆணையத்தின் அதிகாரம் எல்லாமே கழுத்தை நெரிக்கிறது என்று முதலாளிகள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அப்போது பிரதமர் தாட்சர். அந்தக் காதுக்கு இது இனிமையான சங்கீதம். 1988-இல் ஏகபோகத் தடுப்பு ஆணையம் ஒன்பது மணிக் கட்டுப்பாட்டைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. 1990-இல் புதிய ஒலிபரப்புச் சட்டம் வந்தது. ஐபிஏ போய், பிடி தளர்ந்த ரேடியோ அத்தாரிட்டி வந்தது. ஒன்பது மணியும் போனது, மூன்று சதவீதமும் போனது.

கட்டுப்பாடு தளர்ந்தால் உள்ளூர்த்தனம் பெருகும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்ததுபோலத் தெரிந்தது. 1990 மார்ச்சில் பிரிக்ஸ்டனில் சாய்ஸ் எஃப்.எம். வந்தது, நாள் முழுவதும் கறுப்பினத்தவர் இசைக்கென்று பிரிட்டனில் உரிமம் பெற்ற முதல் நிலையம். 1985 முதல் அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் ஆன்டெனாவை ஒளித்துவைத்துத் திருட்டுத்தனமாக நடந்த கிஸ் எஃப்.எம்., உரிமத்துக்காகத் தானே ஒலிபரப்பை நிறுத்திவிட்டு விண்ணப்பம் போட்டு, முதல் முறை தோற்று, இரண்டாம் முறை ஜெயித்து, 1990 செப்டம்பர் 1-இல் சட்டபூர்வமாகக் காற்றில் ஏறியது. ராடிகனும் கேபிட்டலை விட்டு அங்கே போனார்.

அதே தொண்ணூறுகளில்தான் ஸ்டுடியோவுக்குள் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கைமாறியது. எப்படி என்றால், ஒரு ஹோட்டல் கூடத்தில் நூறு பேர் போல உட்கார வைப்பார்கள். பாட்டின் பல்லவியில் சட்டென்று அடையாளம் தெரியும் எட்டுப் பத்து வினாடித் துண்டை மட்டும் போடுவார்கள். பிடித்திருக்கிறதா, அலுத்துவிட்டதா, தெரியவே தெரியாதா என்று மதிப்பெண் போடச் சொல்வார்கள். இப்படி ஒரே அமர்வில் சில நூறு துண்டுகள். இதே காரியத்தைப் போன் செய்து கேட்பதும் உண்டு. மதிப்பெண் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகும். அமெரிக்காவில் 1979-இல் பிறந்த 'செலக்டர்' போன்ற மென்பொருள்கள், எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு ஒரு தடவை சுற்ற வேண்டும், பெண் குரலுக்குப் பின் யார் குரல், வேகப் பாட்டுக்குப் பின் எது என்று நாள் முழுவதற்கும் பட்டியல் போட்டுத் தந்துவிடும். அறிவிப்பாளர் வந்து உட்காரும்போது பட்டியல் தயாராக இருக்கும். நடுவில் பேசுவது மட்டும் அவர் வேலை.

இந்த முறையில் ஒரு பாட்டு தோற்பதற்கு அது மோசமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, தெரியாததாக இருந்தால் போதும். எட்டு வினாடியில் அடையாளம் தெரியாத எந்தப் பாட்டும் தேறாது. ஊரில் நேற்று முளைத்த குழுவின் பாட்டு யாருக்குத் தெரியும்? பர்மிங்ஹாமில் நூறு பேரைக் கேட்டாலும் பிரிஸ்டலில் நூறு பேரைக் கேட்டாலும், தெரிந்த பாட்டுகளின் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேற்கு இங்கிலாந்தில் தொடங்கி ஊர் ஊராக வாங்கிக் குவித்த ஜிடபிள்யூஆர் குழுமம் இந்த வித்தையில் பேர் போனது. ஆக, நிலையத்தின் பெயர் உள்ளூர், அறிவிப்பாளர் உள்ளூர்க்காரர், வானிலையும் போக்குவரத்தும் உள்ளூர். பாட்டு மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்று. காலையில் அதே நையாண்டி, அதே பரிச்சயமான குரல் என்பதால் நேயர்களுக்கு ஒன்றும் போனதாகத் தோன்றவில்லை. உள்ளூர் வானொலி செத்த நாள் எது என்று கேட்டால், காலை நிகழ்ச்சிகள் லண்டனுக்குப் போன 2019-ஐ எல்லோரும் காட்டுவார்கள். நான் இந்தப் பட்டியல் வந்த நாட்களைத்தான் காட்டுவேன்.

பாட்டு ஒன்றாகிவிட்ட பிறகு முதலாளி ஏன் பலராக இருக்க வேண்டும்? அடுத்த கட்டத்தை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது வெறும் வாங்கல் விற்றல். 2005-இல் கேபிட்டலும் ஜிடபிள்யூஆரும் இணைந்து ஜிகேப் ஆயின. 2007-இல் புதிதாக வந்த குளோபல் நிறுவனம், ஹார்ட், கேலக்ஸி நிலையங்களை வைத்திருந்த கிரிசாலிஸ் ரேடியோவை 17 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு ஜிகேப்பை 37.5 கோடிக்கு வாங்கியது. 2009 தொடங்கி பல ஊர்களில் பழைய பெயர்ப் பலகைகள் இறங்கி 'ஹார்ட்' ஏறியது. 2011 ஜனவரியில் மான்செஸ்டர், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம், கார்டிஃப் நிலையங்கள் எல்லாம் 'கேபிட்டல்' ஆயின. தலைநகர் என்று அர்த்தமுள்ள பெயர் மற்ற ஊர்களின் தலையில் ஏறியதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பிறகு கார்டியன் குழுமத்தின் வானொலிகளையும் குளோபல் வாங்கியபோது போட்டி ஆணையம் குறுக்கிட்டு, சில நிலையங்களை விற்கச் சொன்னது. 2014-இல் எட்டு நிலையங்கள் ஓர் ஐரிஷ் நிறுவனத்துக்குப் போயின. ஆனால் வாங்கியவர்கள் குளோபலிடமே கேபிட்டல், ஹார்ட், ஸ்மூத் பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் முதலாளியைத்தான் மாற்றியது, வானொலியில் வந்தது மாறவில்லை.

சாய்ஸ் எஃப்.எம். இந்த வாங்கலில் கேபிட்டலுக்குப் போய், பிறகு குளோபலுக்குப் போய், 2013 அக்டோபரில் 'கேபிட்டல் எக்ஸ்ட்ரா' ஆனது. கிஸ் வேறொரு பெரிய குழுமத்தின் கைக்குப் போயிருந்தது. அங்கே ராடிகனின் ரெகே நிகழ்ச்சி நகர்ந்து நகர்ந்து ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவுக்குத் தள்ளப்பட்டது. 2012-இல் ஒலிபரப்புச் சேவைக்காக அவருக்கு எம்பிஇ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரெகேயை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று காரணம் சொல்லி கிஸ்ஸிலிருந்து விலகினார். 22 ஆண்டு உறவு. பிறகு பிபிசிக்குத்தான் போனார்.

பாட்டுக்குப் பின் குரலின் முறை. உரிமத்தில் இன்னும் ஒரு முளை மிச்சம் இருந்தது: வார நாட்களில் பகல் நேரத்தில் ஏழு மணி நேரம் உள்ளூரில் தயாரான நிகழ்ச்சி வேண்டும். கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2018 அக்டோபரில் அதை மூன்று மணியாகக் குறைத்தது. காலை நிகழ்ச்சி உள்ளூராக இருக்க வேண்டும் என்பதும் போனது. 'உள்ளூர்' என்பதன் எல்லையைத் தொலைக்காட்சி மண்டலங்கள் அளவுக்கு விரித்தது. நான்கு மாதத்தில் குளோபல் அறிவிப்பு வந்தது: கேபிட்டலின் 14 காலை நிகழ்ச்சிகளுக்குப் பதில் ஒன்று, ஹார்ட்டின் 22-க்குப் பதில் ஒன்று, ஸ்மூத்தின் ஏழுக்குப் பதில் ஒன்று. மூன்றும் லண்டன் லெஸ்டர் சதுக்கத்திலிருந்து. கேபிட்டலில் ஏப்ரலிலும் ஹார்ட்டில் ஜூனிலும் மாற்றம் நடந்தது. பல ஊர் ஸ்டுடியோக்களுக்குப் பூட்டு விழுந்தது.

இது வேலை செய்யும் விதம் ஒரு கைவித்தை. லண்டனில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பாட்டு முடிந்ததும் பேசுவார், ஊர்ப் பெயர் எதையும் சொல்ல மாட்டார். அவர் பொத்தானை அழுத்தியதும், எல்லா நகரங்களிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரே கணத்தில் தத்தம் துண்டைப் போடும். மான்செஸ்டரில் மான்செஸ்டர் பெயர் சொல்லும் ஜிங்கிள், பர்மிங்ஹாமில் பர்மிங்ஹாம் ஜிங்கிள். நீளம் மட்டும் எல்லாவற்றுக்கும் வினாடி சுத்தமாக ஒன்று. அடுத்து அந்தந்த ஊர் விளம்பரம், அந்தந்த மண்டலச் செய்தி. தேவைப்பட்டால் அதே அறிவிப்பாளர் ஊருக்கு ஒரு வாக்கியம் வீதம் முன்பே பேசிப் பதிந்து வைத்திருப்பார். காரில் கேட்டுக்கொண்டு போகிறவருக்குத் தையல் தெரியாது. விளம்பர ஏஜென்சிக்கோ ரொம்ப வசதி: நாடு முழுவதும் ஒரே பெயர், ஒரே ரேட் கார்டு. நேயர்கள் கூட்டமாக ஓடிப்போய்விடவும் இல்லை. ஹார்ட் இன்றைக்கும் நாட்டின் மிகப் பெரிய வணிக வானொலிப் பெயர். தொலைந்ததை யாரும் தேடவில்லை என்பதுதான் முதலாளிகளின் வாதம், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கேட்டே இராத பாட்டை யார் எப்படித் தேடுவார்கள் என்று மட்டும் கேட்கலாம்.

கடைசியாகப் பெயர்கள். பர்மிங்ஹாமின் பிஆர்எம்பி 2012-லேயே 'ஃப்ரீ ரேடியோ' ஆகியிருந்தது. மான்செஸ்டரில் பிக்கடிலியின் வாரிசான கீ 103, 2018-இல் 'ஹிட்ஸ் ரேடியோ' ஆனது. அந்த மான்செஸ்டர் பெயரே பிறகு மற்ற நகரங்களை விழுங்கும் பெயராகவும் ஆனது. உரிமையாளரான பாவர் குழுமம் 2024 ஏப்ரலில் நியூகாசில், லிவர்பூல், ஷெஃபீல்டு, பர்மிங்ஹாம் நிலையங்களுக்கு அதைச் சூட்டியது. மெட்ரோ ரேடியோ தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்னால் பெயரை இழந்தது. லிவர்பூலின் ரேடியோ சிட்டிக்கு ஆறு மாதம் பாக்கி. கிளாஸ்கோவில் 'கிளைடு 1' என்ற பெயர் மட்டும் தப்பியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஊர்ப் பெயரை மாற்றினால் நேயர்களோடு விளம்பரமும் போகும் என்று பாவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பிபிசி பக்கமும் நிலைமை இதே. 2023-இல் உள்ளூர் நிலையங்களின் பிற்பகல் நிகழ்ச்சிகளைப் பல ஊர்களுக்குப் பொதுவாக்கினார்கள். அறிமுகக் கலைஞர்களின் பாட்டை ஊர் வாரியாகப் போட்டுவந்த 'பிபிசி இன்ட்ரொட்யூசிங்' நிகழ்ச்சிகளை 32-லிருந்து 20-ஆகக் குறைத்தார்கள்.

2024 மே மாதம் ஊடகச் சட்டம் நிறைவேறியது. நிகழ்ச்சி உள்ளூரில் தயாராக வேண்டும் என்ற ஷரத்தை அது நீக்கியது. உரிமத்தில் எந்த வகை இசை என்று எழுதிவைத்துக் காக்கும் பொறுப்பையும் ஆஃப்காமிடமிருந்து எடுத்தது. 2025 பிப்ரவரியில் குளோபல் இங்கிலாந்தில் தன் கடைசி மண்டல நிகழ்ச்சிகளையும் நிறுத்தியது. உள்ளூர்ச் செய்தியை மட்டும் சட்டம் விடவில்லை. ஊரில் ஆள் வைத்துச் சேகரிக்க வேண்டும் என்று இன்னும் அழுத்தியே சொல்கிறது. ஆக, மான்செஸ்டர் அலைவரிசையில் மான்செஸ்டரின் தீ விபத்தும் நகரசபைச் சண்டையும் வந்தாக வேண்டும். மான்செஸ்டரின் பாட்டு வர வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

இத்தனைக்கும் நடுவில், 1994-இல் கிழக்கு லண்டனின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில பையன்கள் ரின்ஸ் எஃப்.எம். என்று ஒரு திருட்டு வானொலி தொடங்கினார்கள். பதினாறு வருடம் போலீசுக்கும் அதிகாரிகளுக்கும் தண்ணி காட்டிவிட்டு 2010-இல் உரிமம் வாங்கினார்கள். கிரைம் என்ற இசை வகையே அந்த மாதிரி வானொலிகளில்தான் வளர்ந்தது. அந்த மொட்டை மாடிகளுக்கு அடுத்த இதழில் ஏறுவோம்.

(தொடரும்)